நிலைக்கண்ணாடியில் மூத்தார்

மார்கழி 3, ஞாயிறு

மூத்த பேரன் மிதுன் ஜெர்மனியில் எம்.எஸ். முடித்து அங்கேயே கார் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேத்தி சம்யுக்தா சி.ஏ. பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தாள். எங்கள் ஆடிட்டரே நாலு முறை எழுதினவர். காங்கேயத்தில் மகள் ருக்மணியின் பெரியவனுக்கு கவர்மெண்ட் காலேஜிலேயே டாக்டர் சீட்டு கிடைத்தது. அவளுடைய சின்னவன் ஸ்கேட்டிங்கில் மாவட்டத்தில் இரண்டாவது. முதலாவதாக வந்த பையன் வயதைக் குறைத்துக் காட்டினான் என்று பேச்சு. இவர்கள் அத்தனை பேருக்கும் பாட்டி நான், நாச்சம்மாள், ஐந்தாவது வரை படித்தவள்.

இது மகன் திருமூர்த்திக்கு பேங்கில் கொடுத்த டைரி. வருஷம் முடியப்போகிறது, ஒரு தாளில்கூட மை படவில்லை. வீணாகப் போகிறதே என்று எடுத்துக்கொண்டேன். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நம் தேதியைப் போட்டு எழுதுகிறேன்.

சம்யுக்தாவுக்கு இடம் முடிந்துவிட்டது. கோபிப் பக்கம், மஞ்சள் மண்டியும் தோட்டமும் உள்ள குடும்பம். பையன் பல் டாக்டர். தை 12-ல் இந்த வீட்டு ஹாலில் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம். அதுவரை செய்யவேண்டியதை எழுதி வைத்தால் விட்டுப்போகாது. வயதானால் மறதி வரும் என்கிறார்கள். எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரருக்கும் வரவில்லை.

மார்கழி 6, புதன்

இன்று முழுக்கத் தூசி தட்டினேன். வேலைக்காரி இருக்கிறாள், ஆனால் இந்தச் சாமான்களில் அவளைக் கை வைக்க விடுவதில்லை. பெயிண்ட் அடிக்கிற சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சந்து சந்தாகத் தட்டவேண்டும்.

அவிநாசி ரோட்டில் திருமூர்த்தி இந்த பங்களாவைக் கட்டி, ஐப்பசியில் குடிவந்தோம். பனியன் கம்பெனிக்காரர்களில் இப்படி ஒரு வீடு யாருக்கும் இல்லை. உள்ளே சாமான் எல்லாம் ஒரே ஜாதி. இதற்குப் பெயர் ரொகோகோ, பிரான்ஸ் தேசத்தில் ராஜா காலத்துப் பணக்காரர்கள் வைத்துக்கொண்டது என்று இன்டீரியர் செய்த பெங்களூர்ப் பெண் சொன்னாள். நேர்க்கோடு என்பதே கிடையாது. சோபாவின் கால் ஆட்டின் பின்னங்கால் மாதிரி வளைந்து நிற்கிறது. முதுகில் சிப்பி, இலை, பூச்சரம், சுருள். எல்லாவற்றின் மேலும் தங்கரேக். மெத்தை வெளிர்நீலப் பட்டு. கடிகாரத்தின் தலையில் சிறகு வைத்த குழந்தைகள், இடுப்பில் ஓர் அரைஞாண்கூட இல்லாமல். வருகிறவர்கள் கண்ணில் படுகிறதே என்று மல்லிகைச் சரத்தைச் சுற்றி வைத்தேன். மருமகள் வசந்தாமணி எடுத்துவிட்டாள்.

சாய்ந்தால் சிப்பி முதுகில் குத்தும். நுனியில் உட்கார்ந்தால் பட்டு வழுக்கும். வந்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டு, நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். குறை சொல்லவில்லை. எனக்குப் பெருமைதான்.

நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு நிலைக்கண்ணாடி. சுற்றிலும் தங்கச் சட்டம். அதில் இடப்பக்கச் சுருள் மேலே ஏறுகிறது, வலப்பக்கச் சுருள் கீழே இறங்குகிறது. ஆசாரி தப்புப் பண்ணிவிட்டான், மூளியாக இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கக்கூடாது, இந்த ஸ்டைலுக்கு அதுதான் அழகு என்றாள். காசு கொடுத்து வாங்கின கோணல்.

அவருக்கு இந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அறை அறையாக நடக்கிறார். வாசலில் போய் வாட்ச்மேனிடம், ஊட்டுக்குப் போகவேண்டும், கதவைத் திற என்கிறார். இது புது வீடு, அதுதான். பழகிவிடும்.

மார்கழி 9, சனி

காலையில் அவரைக் காணவில்லை என்று தேடினால் ஹாலில் கண்ணாடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் போய் நின்றேன். திரும்பி என்னைப் பார்த்து முகம் சிவந்துவிட்டது.

"நீ என்ன புள்ள, அண்ணன் பக்கத்துல போயி ஒட்டீட்டு நிக்கிற? மூத்தார் முன்னால நிக்கற பழக்கம் எப்ப வந்துச்சு உனக்கு?"

நான் சட்டென்று விலகி, கண்ணாடியில் தெரியாத பக்கமாக நின்றுகொண்டேன். பிறகு அவர் சமாதானம் ஆனார். மெதுவாக, அண்ணனுக்குக் காப்பி கொண்டு வா என்றார்.

அவருடைய அண்ணன் அத்தப்பன், என் மூத்தார். அச்சு அசல் இவரேதான், இவருக்கு மூக்குக் கொஞ்சம் கூர்மை. கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. கொரோனாவுக்கு முந்தின வருஷம் மூத்தார் இறந்தார். இவர் போனார், வாசலில் நின்றார், பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பினார்.

மூக்குக்கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். இந்த வாரம் கண் டாக்டரிடம் போகவேண்டும்.

மார்கழி 10, ஞாயிறு

தங்கரேக் பூசின டிஷ்யூ டப்பா வந்தது. மூக்குச் சிந்துகிற தாளுக்கு அவ்வளவு அலங்காரம்.

மார்கழி 14, வியாழன்

கண் டாக்டர் புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். திருமூர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனவர், அண்ணனும் கண்ணாடி மாற்றிவிட்டானே என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எப்போதுமே விளையாட்டுப் பேச்சுக்காரர்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற வரை அவர் அமைதியாக இருக்கிறார். சாப்பாட்டை அங்கே கொண்டுபோனால் ஒரு சோறு மிச்சம் வைப்பதில்லை. விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்திருக்கக் கூடாதாம். அங்கிருந்து கூட்டிவந்தால் மறுபடி நடை, மறுபடி வாசல். அவர் பின்னாலேயே நடந்து நடந்து என் முழங்கால் வீங்கிவிட்டது.

மார்கழி 20, புதன்

வசந்தாமணி இன்று கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசினாள். நல்ல பெண்தான், ஆனால் பயந்தவள்.

"அத்தை, நீங்க கோவிச்சுக்காதீங்க. கோபிக்காரங்க காதுக்கு இது போச்சுன்னா அவ்வளவுதான். வம்சத்துல கிறுக்கு இருக்குதுன்னு சொல்லிப்போடுவாங்க. சம்யுக்தாளுக்கு அப்புறம் எவன் வருவான்?"

கிறுக்கு என்ற வார்த்தையை என் வீட்டில் இதுவரை யாரும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. ஐந்து மெஷினில் ஆரம்பித்து இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அவருக்கு ஒன்றும் இல்லை, தூக்கம் சரியில்லை என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுதாளோ என்னவோ.

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று அவளுக்கு யோசனை. அது சுவரோடு சேர்த்து அடித்தது. எடுத்தால் மேலே சீலிங்கில் செய்த பூவேலை முழுக்க உதிரும் என்று அந்த பெங்களூர்ப் பெண் போனில் சொல்லிவிட்டாள். கடைசியில் முடிவானது இதுதான். நிச்சயத்தன்று காலையிலேயே அவரைக் காரில் ஏற்றிக் காங்கேயத்துக்கு ருக்மணி வீட்டுக்கு அனுப்பிவிடுவது. சளிக் காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று கோபிக்காரர்களிடம் சொல்வது.

நான் சரி என்றேன். பேத்தி வாழவேண்டும்.

மார்கழி 27, புதன்

சம்யுக்தா ஆபீஸ் விட்டு வந்து, அப்பாரு என்று அவள் கூப்பிடுகிற தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலப் பட்டு சோபாவை இழுத்துக் கண்ணாடிக்கு எதிரே போட்டுக்கொண்டாள். சோபாவின் காலில் கீறல் விழும் என்று அவள் அம்மா கத்தினாள். இவள் காதில் வாங்கவில்லை.

அப்பாரு அவளைக் காட்டிக் கண்ணாடியில் இருக்கிறவரிடம், இவதாண்ணா எம்பேத்தி, கணக்குல புலி என்று சொன்னார். பிறகு அவளிடம் மெதுவாக, அண்ணன் பேத்தியும் இவளை மாதிரியே இருக்கிறாள் பார் என்றார். சம்யுக்தா சிரித்தாள். நான் உள்ளே போய்விட்டேன். தாளிப்பு கருகிவிட்டது.

தை 1, ஞாயிறு

பொங்கல் வைத்தோம். மாடுலர் கிச்சனில் பொங்கினால் பொங்கலா என்று வெளியே செங்கல் வைத்துத்தான் பொங்கினேன்.

அவர் காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நிச்சயத்துக்கு எல்லோரையும் அழைத்தாயிற்றா என்று கேட்டார். அழைத்தாயிற்று என்றேன். அண்ணனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயா என்றார். பங்காளியை நேரில் வெற்றிலை வைத்து அழைக்காவிட்டால் வரமாட்டார்கள், அது உண்மைதான். தட்டை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடிக்கு முன்னால் போய்த் தட்டை நீட்டினார். அவரும் தட்டை நீட்டினார். இவர் எடுத்துக்கொள் என்கிறார். அவரும் அதையேதான் சொல்கிறார் போலிருக்கிறது. இவர் ரொம்ப நேரம் தட்டை இறக்காமல் நின்றார்.

"பாத்தியா புள்ள, என்னைய மொதல்ல எடுக்கச் சொல்றான். பெரியவன் இருக்கறப்ப நான் எப்படி எடுக்கறது?"

கோபம் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அண்ணன் தன் முன்னால் தட்டு நீட்டினான் என்பதிலேயே முகம் பூத்துப்போயிருந்தது. நான்தான் மெதுவாகத் தட்டை வாங்கி வைத்தேன்.

தை 6, வெள்ளி

கோபியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா மல்லிகா போன் செய்தார். சேலைக் கலர் கேட்டார். பெரியவர் சௌகரியமா என்றும் கேட்டார். கொஞ்சம் சளி என்று சொல்லி வைத்தேன். இப்போதே சொன்னால்தான் அன்றைக்குப் பொருத்தமாக இருக்கும்.

போனை வைத்த பிறகு சளி மாத்திரை நான் ஒன்று போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

தை 11, புதன்

நாளைக்கு நிச்சயம். பூக்காரர்கள் வந்து சோபாவுக்கெல்லாம் ரோஜா சுற்றிவிட்டார்கள். செதுக்கின பூவின் மேல் நிஜப் பூ. எது எது என்று கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் இன்று கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. நாளைக்கும் இப்படி நின்றால் காரில் எப்படி ஏற்றுவது? சாயங்காலம் திருமூர்த்தி அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போன சமயம் பார்த்து, அவருடைய சலவை வேட்டி ஒன்றை எடுத்து, ஏணி போட்டு, மேல் சுருளில் மாட்டி, கண்ணாடியை முழுக்க மூடினேன். ஆள் தெரியாவிட்டால் மனம் அதில் போகாது. நல்ல யோசனை என்று வசந்தாமணியும் சொன்னாள்.

தை 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

காலையில் கார் தயாராக நின்றது. அவர் குளித்து, ருக்மணி வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷமாகத்தான் மாடியிலிருந்து இறங்கினார். ஹாலுக்கு வந்ததும் நின்றார். தலை முதல் கால் வரை வெள்ளை வேட்டி போர்த்தியிருப்பதைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கண்ணாடியின் காலடியில் பளிங்குத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைத் துணி போர்த்தினால் என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை.

திருமூர்த்தி தூக்கப் பார்த்தான். வரவில்லை. கெஞ்சினான், நானும் கெஞ்சினேன். பங்காளி செத்துக் கிடக்கும்போது காரில் ஏறுகிறவன் மனுசனா என்று கேட்டார். இழுத்தால் அழுகிறார், அழுகை வெளியே கேட்கிறது. இதற்குள் கோபிக்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா உப்பும் நாட்டுச்சர்க்கரையும் வைத்த தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு முதலில் நுழைந்தார், பின்னால் மல்லிகா, பின்னால் உறவுமுறை எல்லாம்.

அவர் எழுந்தார். வெறும் உடம்போடு, கையைக் கூப்பிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"வாங்க. கோவிச்சுக்காதீங்க. எங்கண்ணன் போயிட்டானுங்க. தீட்டுங்க. இன்னைக்கு நல்ல காரியம் பண்ணக்கூடாதுங்க."

மாப்பிள்ளையின் அப்பா ஓர் அடி பின்னால் வைத்தார். கையில் இருந்த தாம்பாளம் மெதுவாக இறங்கத் தொடங்கியது. அது கீழே வைக்கப்பட்டால் சம்பந்தம் முறிந்தது, எங்கள் பக்கம் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. திருமூர்த்தி சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது. வசந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். சம்யுக்தா படியில் பட்டுச்சேலையோடு நின்றாள்.

யாருங்க போனது என்று மல்லிகா என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்த நிமிஷம் எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஆமாம், இப்போதுதான் போன் வந்தது, தூரத்துப் பங்காளி என்று சொல்லியிருக்கலாம். மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் நல்லபடியாகக் கிளம்பியிருப்பார்கள். மானம் நின்றிருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அண்ணன் செத்துவிட்டான் என்று நானும் சொல்லிவிட்டால் அவருக்கு அது நிஜமாகிவிடும். ஒரு தடவை செத்தவனுக்காக இன்னொரு தடவை அவர் அழவேண்டுமா, அதுவும் நான் போர்த்தின துணிக்காக?

"யாரும் போகலீங்க. அது வெறும் கண்ணாடிங்க. இவருக்கு நெனப்புத் தவறிப்போச்சுங்க, ஆறேழு மாசமா. உங்ககிட்ட மறைச்சுட்டமுங்க. சளின்னு நாஞ்சொன்னது பொய்யிங்க."

சொல்லிவிட்டு வேட்டியை எட்டிப் பிடித்து இழுத்தேன். மேல் சுருளில் மாட்டிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்ததில் ஒரு தங்க இலை பெயர்ந்து தரையில் விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

கண்ணாடியில் அவர் நின்றார், அவருக்குப் பின்னால் நாங்கள் அத்தனை பேரும், தாம்பாளமும். இவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். சிரித்தார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபிக்காரர்கள் பக்கம் திரும்பி, தப்பாகச் சொல்லிவிட்டேன், அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறான், தூங்கியிருக்கிறான் போல, நீங்கள் நடத்துங்கள் என்றார்.

தாம்பாளம் இடுப்பு உயரத்தில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா மனைவியைப் பார்த்தார். மல்லிகா என்னைப் பார்த்தார், நல்ல பார்வை இல்லை அது. ஏமாந்துபோனவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு படியில் நின்ற சம்யுக்தாவைப் பார்த்தார். அவள் இறங்கி வந்து அப்பாரு பக்கத்தில் நின்று, கீழே கிடந்த சட்டையை எடுத்து அவருக்குப் போட்டு, பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்களே என்று திரும்பியும் பார்க்கவில்லை.

மல்லிகா புருஷனிடம் சொன்னார்.

"பெரியவரே நடத்துங்கன்னு சொல்லீட்டாரு. தட்டெ எறக்காதீங்க."

நிச்சயம் நடந்தது. விருந்தும் நடந்தது. பெரியவர் தன் இலையைக் கண்ணாடிக்கு எதிரே போடச் சொன்னார். கோபிக்காரர்களில் வயதான ஒருவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்காரரோடும் சேர்த்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டு பேரும் மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

தை 13, வெள்ளி

வசந்தாமணி என்னோடு பேசவில்லை. பெயர்ந்த தங்க இலை சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. உள்ளே வெறும் சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கிறது.

சாயங்காலம் மல்லிகா போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. இந்த வியாதி உங்கள் வம்சத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். தெரிந்தவரை இல்லை என்றேன், அது உண்மை. டாக்டரிடம் காட்டி, அவர் சொல்வதைத் தங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன். நோய் யாருக்கு வேண்டுமானாலும் வரும், சளி என்றீர்களே, அதுதான் மனதில் நிற்கிறது என்றார். கல்யாணம் வைகாசியில்.

தை 18, புதன்

கோயமுத்தூரில் டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயசுப் பெண். அவரை நிறையக் கேள்வி கேட்டார். இது என்ன மாதம், நீங்கள் யார், இவர்கள் யார். என்னைக் காட்டியபோது, என் சம்சாரம், அஞ்சாவது படிச்சவ என்று பெருமையாகச் சொன்னார். திருமூர்த்தியைக் காட்டியபோது, எங்க மேனேஜர் என்றார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இது மறதி நோய். திரும்பாது, மெதுவாக்கலாம் என்றார் டாக்டர். கண்ணாடியைப் பார்த்துப் பயந்தால் மூடுங்கள், சந்தோஷப்பட்டால் விட்டுவிடுங்கள் என்றார். அடிக்கடி பார்க்கிற முகம் கடைசிவரை நிற்கும், பார்க்காத முகம் முதலில் போகும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மிதுனுக்குக் கடிதம் எழுதினேன். தபாலில் போடுமுன் கடைசிப் பகுதியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அப்பாருக்கு மறதி வந்துவிட்டது கண்ணு. உன் அப்பா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான், நான் சொல்கிறேன். போன ஞாயிறு நீ வீடியோவில் பேசினபோது, தாடி வைத்த இந்தப் பையன் யாரு, நல்ல பையனாக இருக்கிறானே என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த மிதுன் தாடி இல்லாதவன். காலேஜுக்குப் போகும்போது எடுத்த படம்தான் இங்கே இருக்கிறது. தாடியை எடு என்று சொல்லவில்லை. வைகாசியில் நீ வாசலில் வந்து நிற்கும்போது அவர் உன்னை யாரென்று கேட்டுவிடக் கூடாது. இப்போது இருக்கிற முகத்தோடு ஒரு போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பு. போனில் வேண்டாம், அந்த வெளிச்சத்தில் அவருக்கு முகம் பிடிபடவில்லை. தினமும் காலையில் காப்பியோடு அவர் கையில் கொடுத்து, இவன்தான் மிதுன் என்று சொல்லி வைக்கிறேன். சிரித்துக்கொண்டு எடு. சீக்கிரம் தபாலில் போடு."